யுத்தப் படமும் புண்பட்ட சிப்பாயும்

பவானிக் கூடுதுறையில் ஆடி அமாவாசையன்று கூடும் ஜனத்திரளை அறியாதார் கொங்கு நாட்டில் இலர். காவிரியும் பவானியும் கலக்கும் அத்துறையில் எள்ளும் நீரும் இறைத்து, மாண்டாரை நினைந்து மூழ்கி எழுகின்றனர் மக்கள். இறந்தோர்க்குச் செய்யத்தக்கது இன்னதென்பது நம்மவர்க்கு ஐயமறத் தெரியும். யுத்தத்தில் இறந்த சிப்பாயின் விஷயத்திலும் அவ்வாறே. கொடி போர்த்த பேழை வருகிறது. துப்பாக்கிகள் வானை நோக்கி முழங்குகின்றன. கலெக்டர் மலர்வளையம் வைக்கிறார். மறுநாள் பத்திரிகைகளில் படம் வெளிவருகிறது. புது டில்லியில் 2019-ஆம் ஆண்டு பிப்ரவரி 25-ஆம் தேதி திறக்கப்பெற்ற தேசிய யுத்த நினைவுச் சின்னத்தில் 25,000-க்கு மேற்பட்ட பெயர்கள் கருங்கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. அவை யாவும் மாண்டோர் பெயர்களே. காலிழந்தோ, கண்ணிழந்தோ, முதுகெலும்பு முறிந்தோ உயிரோடு மீண்டவனுக்கு எந்தத் துறையில் எந்தச் சடங்கு? அவன் பெயருக்கு எந்தக் கல்?

நமது பழங்கதைகளிலும் அவனுக்கு இடம் சுருக்கமே. கொங்கு நாட்டில் ஊர்ப்புறமெங்கும் நடுகற்கள் நிற்கின்றன. அவை வீழ்ந்துபட்டோர்க்கு எடுத்தவை. அண்ணன்மார் கதையைக் கேட்டு உருகாத கொங்கர் எவர்? பொன்னரும் சங்கரும் மடிந்த படுகளத்தை இன்றும் விழாவில் நடித்துக் காட்டுகிறார்கள். மருள் வந்து வீழ்ந்தோர் பிணம்போற் கிடப்பர். தீர்த்தம் தெளித்ததும் எழுவர். வீழ்ந்தவன் தெய்வமாகிறான், அல்லது முழு உடலோடு எழுகிறான். இரண்டுக்கும் நடுவே, அரை உடலோடு நாற்பது ஆண்டு வாழ்கிறவனைப் பற்றிப் பாடும் உடுக்கையை நாம் கேட்டதில்லை.

இக்காலத்தில் யுத்தத்தை நமக்குக் காட்டுவது பாட்டன்று, புகைப்படம். படம் பொய் சொல்லாது என்னும் நம்பிக்கை ஜனங்களிடையே ஆழ வேரூன்றியிருக்கிறது. ஆகவே, படம் புண்பட்டவனுக்கு இதுவரை என்ன செய்தது, இனி என்ன செய்யக்கூடும் என்பதைச் சிறிது ஆராய்வது நம் கடமை.

தொடக்கமே நற்சகுனமாக அமையவில்லை. கிரிமியா யுத்தத்துக்கு 1855-இல் சென்ற ராஜர் ஃபென்டன் என்ற ஆங்கிலேயர் 350-க்கு மேற்பட்ட படங்களுடன் திரும்பினார். அவற்றில் பிணம் ஒன்றுமில்லை. குண்டுகள் சிதறிக் கிடக்கும் ஒரு வெறும் பள்ளத்தாக்கே அவற்றுள் புகழ் பெற்ற படம். மூன்று ஆண்டுகளுக்குப் பின் லக்னௌ நகருக்கு வந்த ஃபெலிஸ் பியாத்தோ சிக்கந்தர் பாக் என்னும் மாளிகையைப் படமெடுத்தார். 1857 நவம்பரில் அங்கே மாண்ட நம் நாட்டுச் சிப்பாய்களின் எலும்புகள் அப்படத்தின் முற்றத்தில் பரந்து கிடக்கின்றன. படமோ எடுக்கப்பட்டது 1858-இல், நாலைந்து மாதங் கழித்து. படத்தின்பொருட்டே எலும்புகளை அங்கு பரப்பினர் என்று கூறுவாருமுளர். வெள்ளைச் சிப்பாய் மாண்டால் அவன் உடல் மறைக்கத்தக்கது. நம்மவன் மாண்டால் அவன் எலும்பு காட்டத்தக்கது! படமெடுப்போன் எவன் பக்கம் நிற்கிறானோ அதைப் பொறுத்தது, எது தெரியும் எது தெரியாது என்பது.

1914-இல் தொடங்கிய முதல் உலக யுத்தத்தில் நம் நாட்டுச் சிப்பாய்கள் பிரான்ஸ் தேசத்துச் சேற்றில் நின்று பொருதனர். புண்பட்டோரை இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள பிரைட்டன் நகருக்குக் கொண்டு சென்றனர். அங்கே நான்காம் ஜார்ஜ் மன்னன் கட்டிய ராயல் பெவிலியன் என்னும் கேளிக்கை மாளிகை 1914 டிசம்பர் முதல் 1916 தொடக்கம் வரை இந்தியச் சிப்பாய்களுக்கு ஆஸ்பத்திரியாக இருந்தது. வெளித்தோற்றத்தில் அது மொகலாயர் அரண்மனை போன்றது. பொற்பூச்சுக் கூரையின்கீழ், பெருஞ் சரவிளக்குகளின்கீழ், வரிசை வரிசையாக வெண்படுக்கைகள். தலைப்பாகையும் நீலச் சட்டையுமாகச் சிப்பாய்கள். இக்காட்சியைப் படமெடுத்துத் தபால் அட்டைகளாக விற்றனர். ஆங்கிலம், குருமுகி, உருது ஆகிய மொழிகளில் புத்தகம் போட்டு நம் நாட்டில் பரப்பினர். சக்கரவர்த்தி தம் சொந்த அரண்மனையையே சிப்பாய்களுக்கு ஒழித்துக் கொடுத்துவிட்டார் என்று ஊர்தோறும் பேச்சாயிற்று. உண்மை யாதெனில், அம்மாளிகை 1850-இலேயே பிரைட்டன் நகரசபைக்கு விற்கப்பட்டுவிட்டது! படத்திலுள்ள விளக்கு மெய்; படுக்கை மெய்; சிப்பாய் மெய். அவற்றைச் சேர்த்துச் சொன்ன கதையே பொய்.

நாம் நன்றி மறப்பவரல்லோம். அங்கே வைத்தியம் செம்மையாகவே நடந்தது. சாதிக்கும் மதத்துக்கும் ஏற்பத் தனித்தனிச் சமையற்கட்டுகளும் இருந்தன. ஆனால், அப்படங்களில் இல்லாதவற்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரியைச் சுற்றியிருந்த வேலி அப்படங்களில் இல்லை. குணமானவன் மீண்டும் போர்முனைக்கே அனுப்பப்பட்டான். ஒருமுறை புண்பட்டவனை ஊருக்கு அனுப்பலாகாதா என்ற அவனது ஏக்கமும் அவற்றில் இல்லை. 1915-இல் ஓர் ஆங்கிலப் பத்திரிகை, விக்டோரியா சிலுவை பெற்ற முதல் இந்தியரான குதாதாத் கானின் அருகே வெள்ளைக்காரத் தாதி ஒருத்தி நிற்கும் படத்தைப் பிரசுரித்தது. அவ்வளவுதான், அதிகாரிகள் பதறிப்போய் இந்திய ஆஸ்பத்திரிகளிலிருந்து தாதிமாரை விலக்க உத்தரவிட்டனர். புண்பட்டவன் தலைமாட்டில் ஒரு பெண் நிற்பதாகப் படம் வரலாகாது என்பதற்காக, அவள் நிற்பதையே தடுத்துவிட்டார்கள்.

அச்சிப்பாயின் வேதனை எங்கே பதிவாயிற்று? அவன் வீட்டுக்கு எழுதிய, அல்லது பிறரைக் கொண்டு எழுதுவித்த கடிதங்களில். அவற்றையும் தணிக்கை அதிகாரிகள் பிரித்துப் படித்தனர். ஆதலின் அவன் மறைமொழி தேடினான். கறுப்பு மிளகு, சிவப்பு மிளகு என்று எழுதினான். கறுப்பு மிளகு என்றால் நம்மவர். சிவப்பு மிளகு என்றால் வெள்ளையர். கறுப்பு மிளகு தீர்ந்துகொண்டு வருகிறது என்று எழுதிவிட்டால் ஊரிலுள்ளோர் பொருளுணர்வர். சரவிளக்கின் கீழ்க் கிடந்து மிளகைப் பற்றி எழுதிய அம்மனிதனின் தனிமையை எந்தத் தபால் அட்டை காட்டும்? அவ்வாஸ்பத்திரிகளில் இறந்த இந்துக்களும் சீக்கியருமாக 53 பேர் பிரைட்டனுக்கு அப்பாலுள்ள பாட்சம் மேட்டில் தகனம் செய்யப்பட்டனர். அவ்விடத்தில் 1921-இல் பளிங்குச் சத்திரி ஒன்று எழுப்பினர். மறுபடியும் இறந்தோர்க்கே கல்.

பிரைட்டனில் படம் இருந்தது. மெசபடேமியாவில் படமில்லை, அங்கே நடந்தது என்ன? 1915 நவம்பரில் டெசிபோன் என்னுமிடத்துப் பெரும் போரில் புண்பட்ட இந்தியரையும் ஆங்கிலேயரையும் வில்லில்லாக் கட்டைவண்டிகளில் ஏற்றி, பிறகு டைகிரிஸ் நதியில் படகுகளில் அடைத்துப் பஸ்ராவுக்கு அனுப்பினர். வரேலா என்னும் ஆஸ்பத்திரிக் கப்பலில் இருந்த மேஜர் கார்ட்டர் என்ற டாக்டர், மெஜிதியே என்னும் நீராவிக் கப்பல் வருவதைக் கண்டார். அதன் பக்கங்களில் கயிறுகள் தொங்குவதுபோல் தூரத்தே தோன்றிற்று. அருகே வந்ததும் அவை கயிறல்ல, வயிற்றுக்கடுப்புற்று எழவியலாது கிடந்தோரின் மலம் வழிந்து உறைந்தது என்று தெரிந்தது. எலும்பு முறிந்தோர்க்கு முறையான கட்டில்லை, புண்களில் புழு. கார்ட்டர் இதை மேலதிகாரிகளிடம் எடுத்துரைத்தார். வாய் மூடாவிடில் கப்பலின் பொறுப்பைப் பறிப்போம் என்று அவர்கள் அச்சுறுத்தினர். அவர் மூடவில்லை. பிற்பாடு அமைந்த விசாரணைக் கமிஷன் முன் அவர் சொன்ன சொற்களே 1917-இல் அறிக்கையாக வெளிவந்து இங்கிலாந்தை உலுக்கின. இந்தியா மந்திரி ஆஸ்டின் சேம்பர்லேன் ராஜினாமாச் செய்தார். அந்த யுத்தத்தில் நம் மாகாணத்து மதராஸ் சாப்பர்களும் இருந்தனர் என்பதை வாசகர்கள் நினைவிற் கொள்க. பிரைட்டனின் நூற்றுக்கணக்கான படங்கள் செய்யாததை, கண்டதைக் கண்டவாறு சொன்ன ஒரு டாக்டரின் வாய்மொழி செய்தது.

அப்படியாயின் படமே வேண்டாமோ? அப்படி நாம் கூறவில்லை. வங்காளத்தில் 1943-இல் பஞ்சம் தலைவிரித்தாடியபோது, கல்கத்தா ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகை ஆகஸ்டு மாதம் வீதியில் கிடந்தோரின் படங்களைப் பிரசுரித்தது. சர்க்காரின் கட்டுப்பாடு சொற்களைப் பற்றி எல்லாம் விதித்திருந்தது. படங்களைப் பற்றி விதிக்க மறந்துபோயிற்று. அம்மறதியால் உலகம் பஞ்சத்தைக் கண்டது. படத்துக்கு வல்லமை இல்லையென்று எவரும் சொல்லார். ஆனால், பசி உடலின்மேல் எழுதிக் காட்டும். விலா எலும்பை எவரும் எண்ணலாம். புண்ணின் நோவோ அத்தன்மையதன்று. புண் வெளியே தெரியும். நோவு உள்ளே இருக்கும். பல்வலி வந்தவனுக்கே தெரியும் அது எத்தகையதென்று. அடுத்த அறையிலிருப்பவன் ‘ஐயோ பாவம்’ என்று சொல்லிவிட்டு உறங்கிவிடுகிறான். காலை இழந்தவனுக்கு, இல்லாத அக்காலிலேயே வலி எடுப்பதுண்டு. இல்லாத காலைப் படமெடுக்கும் கருவி ஏது?

இந்தத் தனிமையை நம் முன்னோர் அறிந்திருந்தனர் என்பதே வியப்பு. தொல்காப்பியர் புறத்திணையியலில் காஞ்சித்திணைக்குத் துறை வகுக்கிறார். புண்பட்டுக் கிடக்கும் கணவனைப் பேய் தீண்டாதவாறு மனைவி விழித்திருந்து காப்பது ஒரு துறை, அது தொடாக்காஞ்சி. அதனினும் கொடியது வேறொன்று: காக்கச் சுற்றத்தார் ஒருவருமின்றிக் களத்தில் கிடப்பவனை, பேயே அருகிருந்து காப்பது. பேயைத் தவிரத் துணையில்லாத புண்ணாளன்! இதைத் தனியொரு துறையாக எண்ணி வகுத்த அறிவை என்னென்பது? நக்கீரனாரின் நெடுநல்வாடையோ இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. வாடை வீசும் மழையிரவு. பாசறையில் அரசன் உறங்கவில்லை. காற்றில் விளக்குச் சுடர் அலைய, வேப்பிலை கட்டிய வேலுடன் ஒருவன் முன் சென்று புண்பட்ட வீரரை ஒவ்வொருவராகக் காட்டுகிறான். தோளிலிருந்து நழுவும் ஆடையை ஒரு கையால் தழுவிக்கொண்டு, சேற்றுத் தெருவில் சிலரோடு மட்டும் அரசன் திரிகிறான். இவ்வரசன் தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன் என்பது மரபு. இதில் நாம் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. அரசன் போவது பகலிலன்று, கூட்டத்தோடன்று. முழவு இல்லை, பாணர் இல்லை. அந்நள்ளிரவுச் செலவைப் பார்ப்பதற்கு எவருமில்லை, புண்பட்டவனைத் தவிர.

இன்றைய ஆஸ்பத்திரிப் படத்தை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மந்திரியார் கட்டிலருகே நிற்கிறார். பழக்கூடை ஒன்று, கேமராக்கள் இருபது. புண்பட்டவன் சிரிக்கிறான், சிரிக்கச் சொல்லியிருக்கிறார்கள். எந்தக் கட்சி ஆண்டாலும் இப்படம் மாறுவதில்லை.

மேல்நாட்டார் சிலர் இதற்கு மாறான வழியிலும் முயன்றனர். அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தின் முடிவில், 1865-இல், ரீட் போன்டெகூ என்ற டாக்டர் வாஷிங்டன் ஆஸ்பத்திரியில் புண்பட்டோரைப் படமெடுத்தார். சிப்பாய்கள் தம் பெயர் எழுதிய பலகையைக் கையிலேந்தி, புண்ணைத் திறந்து காட்டி அமர்ந்திருக்கிறார்கள். வைத்தியர்களுக்குப் பாடமாகவும், பிற்பாடு ஓய்வூதியம் கோருவோர்க்குச் சான்றாகவும் அப்படங்கள் பயன்பட்டன. கண்டு கண்ணீர் வடிப்பதற்காக எடுக்கப்பட்டவையல்ல. எனினும் இவற்றில் ஒரு நேர்மை இருக்கிறது. பெயர் இருக்கிறது, அவனுக்கு ஒரு பயனும் இருக்கிறது. ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் ஃபிரீட்ரிக் என்பார் 1924-இல் ‘யுத்தத்தின்மீது யுத்தம்’ என்ற பொருள்பட நான்கு மொழிகளில் ஒரு புத்தகம் வெளியிட்டார். தாடையும் மூக்கும் சிதைந்த சிப்பாய்களின் முகங்கள் அதிலுண்டு. பெர்லினில் அவர் அமைத்த யுத்த எதிர்ப்புக் காட்சிசாலையை 1933-இல் நாஜிகள் நாசமாக்கினர். எந்தப் படத்துக்கு யார் அஞ்சினர் என்று பார்த்தால் அப்படத்தின் மதிப்பு விளங்கும்.

அமெரிக்க ராணுவத்தாரே ஜான் ஹஸ்டனைக் கொண்டு, யுத்தத்தில் மனம் சிதைந்தோரைப் பற்றி 1946-இல் ஒரு சலனப்படம் எடுப்பித்தனர்; பார்த்ததும் தாங்களே தடுத்து வைத்தனர். நோயாளிகளின் அந்தரங்கத்தைக் காப்பதற்காக என்று காரணம் கூறினர். 1980-இல்தான் அது வெளிவந்தது. அந்தரங்கம் என்பது நியாயமான காரணமே. ஆனால் புண்பட்டவனைக் கேட்காமல் அவன் அந்தரங்கத்துக்கு அதிகாரி காவலிருப்பது விசித்திரம். வியட்நாமில் 1968-இல் டான் மக்கலின் எடுத்த ஒரு படத்தை வாசகர்களிற் பலர் கண்டிருக்கலாம். துப்பாக்கியைப் பற்றியபடி, எங்கோ வெறித்து நிற்கும் சிப்பாய். அடுத்தடுத்து ஐந்து படங்கள் எடுத்தாராம். ஐந்திலும் ஒரே முகம், இமைகூட அசையவில்லை. அச்சிப்பாயின் உடலில் புண் தெரியவில்லை. நமக்குத் தெரிந்த யுத்தப் படங்களுள் நோவுக்கு மிக அணுக்கமானது இதுவே என்பது நம் அபிப்பிராயம். அது நோவைக் காட்டுவதாகப் பாவனை செய்யவில்லை. அதனுள் நாம் புக முடியாது என்பதையே காட்டுகிறது.

இனி நம் வீட்டு வாசலுக்கு வருவோம். 1987 ஜூலையில் இந்திய–இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அமைதிப் படை என்ற பெயரால் நம் சிப்பாய்கள் யாழ்ப்பாணம் சென்றனர். அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு யுத்தம் மூண்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் இரவில் இறக்கிவிடப்பட்ட சீக்கியக் காலாட்படைப் பிரிவினர் முப்பதின்மரில் ஒருவரே உயிருடன் சிறைப்பட்டார். 1990 மார்ச்சில் படை திரும்பியபோது 1,100-க்கு மேற்பட்டோர் மாண்டிருந்தனர். புண்பட்டோர் 3,000-க்கு மேல். பாதையிற் புதைத்த கண்ணிவெடிகளே அந்த யுத்தத்தின் தனி அடையாளம். ஆதலால் அங்கிருந்து மீண்டோரிற் பலர் காலிழந்து மீண்டனர். அந்த மூன்றாண்டைப் பற்றி நம் நினைவில் நிற்கும் படம் எது? கொழும்பில் அணிவகுப்பு மரியாதையின்போது, ராஜீவ் காந்தியைச் சிங்கள மாலுமி ஒருவன் துப்பாக்கியின் பின்புறத்தால் தாக்கிய படமே. பிரதமர் தோளில் பட்ட ஓரடி உலகமெங்கும் பரவிற்று. மூவாயிரம் பேரின் புண்ணுக்கு அதுபோல் நம் நினைவில் நிற்கும் படம் ஒன்றுகூட இல்லை.

ஏன் இல்லை? தமிழரோடு தமிழருக்காகச் சென்று தமிழரையே எதிர்த்த யுத்தம் அது. சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கியோரை வரவேற்க அன்றைய முதலமைச்சர் செல்லவில்லை. அவர் கூறிய காரணத்தைத் தமிழ்நாட்டில் பலர் ஒப்பினர். அதை நாம் இன்று விவாதிக்கப் புகவில்லை. 1987 அக்டோபர் 21, 22 தேதிகளில், தீபாவளி நாளில், யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் நோயாளிகளும் டாக்டர்களும் தாதிகளுமாக அறுபதுக்கு மேற்பட்டோர் இந்தியப் படையினரின் துப்பாக்கிக்கு இரையாயினர். இருதரப்புச் சண்டைக்கிடையே நேர்ந்தது என்று படைத்தரப்பு சொல்லிற்று. பிணங்களுக்கிடையே பிணம்போற் கிடந்து தப்பியோர் வேறுவிதமாகச் சொல்லினர். ஒரு தேசபக்தப் பத்திரிகை இதை மறைத்துவிட்டுச் சிப்பாயின் புண்ணைப் பற்றி மட்டும் எழுதினால், அது பிரைட்டன் தபால் அட்டையைப்போல் ஆகிவிடும். யாழ்ப்பாணத்துக் கட்டிலில் சுடப்பட்டவரின் நோவும், சென்னைக்கும் புனேவுக்கும் கொண்டுவரப்பட்ட சிப்பாயின் நோவும் ஒன்றையொன்று கழித்துவிடக்கூடிய கணக்குகளல்ல. ஆனால் நாம் கழித்துவிட்டோம். அந்த யுத்தம் நமக்கு வெட்கம் தந்தது. வெட்கம் தந்ததன் பொருட்டு, அதில் காலிழந்தவனை நோக்காது முகம் திருப்பிக்கொண்டோம். அவன் தானாக அங்கே போகவில்லை. அனுப்பியது நாம் தேர்ந்தெடுத்த சர்க்கார்.

2009-இல் முள்ளிவாய்க்காலில் நடந்ததோ இன்னும் கொடியது. இலங்கை சர்க்கார் நிருபர்களைச் சுதந்தரமாக உள்ளே விடவில்லை. வெளிவந்த படங்களில் சில, வென்றவர்கள் வெற்றிச் சின்னமாகத் தம் கைபேசியிற் பிடித்தவை. புண்பட்டவனை அவன் பகைவனே படமெடுக்கும் காலம் வந்துவிட்டது.

வெற்றியடைந்த யுத்தத்தில் புண்பட்டவன் நிலையாவது மேலோ? கார்கிலில் 1999-இல் மாண்டோர் 527, புண்பட்டோர் 1,363 என்பது சர்க்கார் கணக்கு. சிகரத்தில் கொடியேற்றிய படம் பள்ளிக்கூடச் சுவரிலும் இருக்கிறது. ஆயிரத்து முந்நூற்றுவரின் முகம் எங்கே? 1965 யுத்தத்தில் குண்டு பாய்ந்து முதுகெலும்பில் அடிபட்ட முரளிகாந்த் பேட்கர் என்னும் மராட்டியச் சிப்பாய், 1972-இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் நடந்த ஊனமுற்றோர் ஒலிம்பிக்கில் நீச்சலில் தங்கப் பதக்கம் வென்றார். பத்மஸ்ரீ விருது அவருக்கு வந்தது 2018-இல். நாற்பத்தாறு ஆண்டு கழித்து. தங்கம் வென்றவனுக்கே இவ்வளவு தாமதமென்றால், எதையும் வெல்லாமல் வெறுமனே வலியோடு வாழ்ந்தவனைப் பற்றிக் கேட்பானேன்? புனேயை அடுத்த கட்கியில் 1974 முதல் முதுகெலும்பு முறிந்த சிப்பாய்களுக்கான விடுதி ஒன்று நடந்துவருகிறது. அவர்களில் சிலர் வாயால் தூரிகை பிடித்துச் சித்திரம் எழுதுகிறார்கள். பிறர் தங்களை எடுக்கும் படத்தைவிட, அவர்கள் தாமே எழுதும் சித்திரம் நாட்டுக்கு அதிகம் சொல்லக்கூடும். நம் பத்திரிகைகளில் அவற்றை அச்சிட்டவர் எத்தனை பேர்?

நோவைப் பிறர் காண முடியாது என்பதில் சர்க்காருக்கு ஒரு செளகரியமும் இருக்கிறது. காண முடியாததை மறுப்பது எளிது. ஊனம் பணியால் விளைந்ததா, முன்பே இருந்ததா என்ற வினாவைக் கிளப்பி, ஓய்வூதியத்துக்காகச் சிப்பாயைக் கோர்ட்டுப் படிகளில் ஏற்றும் வழக்கம் நெடுநாளாக உள்ளது. சேர்க்கும்போது குறித்து வைக்காத நோயைப் பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் தெளிவாகத் தீர்ப்பளித்தது. அதன் பிறகும் வழக்குகள் ஓய்ந்தபாடில்லை. 2019 ஜூனில், பணிக்காலம் முழுதும் முடித்து ஓய்வுபெற்றோரின் ஊன ஓய்வூதியத்துக்கு வருமான வரி உண்டென்று ஒரு சுற்றறிக்கையும் வந்தது. காலிழந்தும் வேலையை விடாமல் இறுதிவரை உழைத்தவனுக்கு வரி. இது எந்த நியாயநூலில் உள்ளதோ!

2022-இல் தொடங்கிய அக்னிபத் திட்டத்தில் நான்கு ஆண்டுக்கே இளைஞர்களைச் சேர்க்கிறார்கள். பணியால் ஊனமுற்றால், ஊனத்தின் அளவு நூற்றுக்கு நூறெனில் 44 லட்சம், எழுபத்தைந்தெனில் 25 லட்சம், ஐம்பதெனில் 15 லட்சம் ரூபாய் ஒரே தடவையாகக் கொடுக்கப்படும். ஓய்வூதியம் இல்லை. கோவையிலுள்ள ஆள்சேர்ப்பு அலுவலகத்தின் மூலம் ஈரோடு, நாமக்கல், சேலம் ஜில்லாக்களிலிருந்து ஓடிக் குதித்துத் தேர்வாகும் பிள்ளைகளுக்கு வயது இருபதை ஒட்டியே இருக்கும். இருபது வயதில் இரு காலும் இழந்தவன் எழுபது வயதுவரை வாழக்கூடும். ஐம்பது ஆண்டின் நோவுக்கு ஒரே நாளில் விலை பேசித் தீர்த்துவிடலாம் என்று கருதுவோர் எந்த ஆஸ்பத்திரியிலும் ஓரிரவு விழித்திருந்ததில்லை போலும். ஊனமுற்ற அக்னிவீரருக்கும் மற்றச் சிப்பாய்களைப்போல ஆயுள் ஓய்வூதியம் அளிக்க வேண்டும் என்று பார்லிமெண்டில் நம் கொங்குப் பிரதிநிதிகள் கட்சி பாராது வற்புறுத்த வேண்டும்.

பத்திரிகைகளாகிய நமக்கும் வேலை இருக்கிறது. புண்பட்டவனின் சம்மதமின்றி அவன் படத்தைப் போடலாகாது. சம்மதித்தால், பெயரோடும் ஊரோடும் அவன் சொல்லோடும் போட வேண்டும். பழக்கூடைக்காரரை வெட்டிவிட்டுப் போட வேண்டும். ஓராண்டு கழித்தும், பத்தாண்டு கழித்தும் மறுபடி போய்க் கேட்க வேண்டும். படுக்கையறையில் தூக்கம் வராமல் கிடக்கும் கணவனுக்காக விழித்திருக்கும் மனைவியையும் கேட்க வேண்டும். தொடாக்காஞ்சி இன்றும் நடந்துகொண்டுதான் இருக்கிறது, அதைப் பாடுவார்தாம் இல்லை.

ஆண்டுதோறும் டிசம்பர் 7-ஆம் தேதி படைவீரர் கொடி நாள் கொண்டாடப்படுகிறது. 1949 முதல் நடந்துவரும் வழக்கம் இது. அன்று ஒவ்வொரு ஜில்லாவும் எவ்வளவு ரூபாய் வசூலித்தது என்று பெருமையாக அறிக்கை விடுகிறார்கள். வருகிற கொடி நாளில் ஈரோடு ஜில்லா முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வேறொரு கணக்கும் வெளியிட வேண்டுமென்று கோருகிறோம். இந்த ஜில்லாவில் யுத்தத்திலும் எல்லைக் காவலிலும் புண்பட்டு உயிருடன் இருப்போர் எத்தனை பேர். அவர்களில் செயற்கைக் கால் தேய்ந்தும் மாற்றித் தரப்படாதோர் எத்தனை பேர். ஓய்வூதிய வழக்கு நிலுவையில் இருப்போர் எத்தனை பேர். கடைசியாக அவர்கள் வீட்டுக்கு ஓர் அதிகாரி சென்றது எந்தத் தேதியில்.